டிஷ்யூ கல்ச்சர்ல வந்த செடி தன் மகரந்தத்துக்கே காய் பிடிச்சா எஸ் ஜீன் மாறிடுச்சுன்னு எழுதலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான்: காட்டுத் தக்காளி, சோலானம் பெருவியானம், தாய்ச்செடிய செல்ஃப் பண்ணா, அதாவது அதோட மகரந்தத்தையே அதுக்கு வெச்சா, காயே பிடிக்காது. அதோட இலைத் துண்ட எடுத்து கேலஸ் (உருவமில்லாத செல் திரள்) வழியா செடி எடுத்திருக்காங்க, வந்த செடிகள்ல ரெண்டு மட்டும் செல்ஃப் பண்ணதும் காய் பிடிச்சுது, உள்ள நல்ல விதையும் இருக்கு, தன் மகரந்தத்த தள்ற எஸ் ஜீன்ல டிஷ்யூ கல்ச்சர் மியூட்டேஷன் உண்டாக்கிடுச்சுன்னு தீசிஸ்ல எழுதலாமான்னு கேக்குறாங்க. கூடவே இன்னொரு கேள்வி, மகரந்தப்பை கல்ச்சர் பண்ணா ஹோமோசைகஸ் செடி (ஜீனோட ரெண்டு பிரதியும் ஒரே மாதிரி இருக்கறது) கிடைக்குமா, கிடைச்சா அத எப்படி வெச்சுக்கறதுன்னு.

முதல் கேள்விக்கு இப்போதைக்கு பதில்: எழுதாதீங்க. அந்த ரெண்டு செடில குரோமோசோம் ரெட்டிப்பு ஆயிருக்கான்னு பாக்குற வரைக்கும் எஸ் ஜீன் பத்தி ஒரு வரி கூட எழுத வேணாம். தக்காளி இருக்கற சோலனேசி குடும்பத்துல கல்ச்சர்ல வந்த செடி திடீர்னு செல்ஃப் ஆச்சுன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது ஜீன் மியூட்டேஷன இல்ல, டெட்ராப்ளாய்டு ஆனதத்தான், அதாவது வழக்கமான ரெண்டு செட் குரோமோசோம் (டிப்ளாய்டு) நாலு செட் ஆனத. ஏன்னு விவரமா சொல்றேன், ஏன்னா இத ஒழுங்கா பிரிச்சுப் பாத்தா உங்க ரெண்டு செடில இருந்து நல்ல ஒரு சேப்டரே வரும்.

தக்காளி, உருளை, பெட்டூனியா, புகையில இனம் எல்லாத்துலயும் தன் மகரந்தத்த தள்ற வேலைய குரோமோசோம்ல எஸ் லோக்கஸ்ங்கற ஒரு இடம் பாக்குது. அதுல ரெண்டு பக்கம் இருக்கு. சூல்தண்டு பக்கம் எஸ்-ஆர்என்ஏஸ்னு ஒரு புரோட்டீன், ஆர்என்ஏவ வெட்டுற என்சைம், மகரந்தக் குழாய்க்குள்ள போய் அத நிறுத்திடும். 1986ல மெல்பர்ன்ல நிக்கோட்டியானா அலாட்டால இருந்துதான் இந்த ஜீன முதல்ல க்ளோன் பண்ணாங்க. மகரந்தம் பக்கம் எஸ்எல்எஃப்னு எஃப்-பாக்ஸ் புரோட்டீன்கள், ஒண்ணு இல்ல, ஒரு கூட்டமே இருக்கு, ஒவ்வொண்ணும் மத்த அல்லீல்களோட (அல்லீல்னா ஒரே ஜீனோட வேற வேற வடிவம்) சில ஆர்என்ஏஸ்கள அடையாளம் கண்டு செயலிழக்க வைக்கும், ஆனா தன்னோட சொந்த அல்லீலோட ஆர்என்ஏஸ மட்டும் இந்தக் கூட்டத்துல யாராலயும் தொட முடியாது. 2010ல பெட்டூனியால இத காட்டினாங்க. அதாவது மகரந்தம் "இது நம்மாளு"ன்னு கண்டுபிடிச்சு நிக்கல, மத்தவங்க விஷத்துக்கு எல்லாம் மருந்து வெச்சிருக்கு, தன் விஷத்துக்கு மட்டும் இல்ல, அதனால சாகுது. இந்த ஒரு விஷயத்த நல்லா பிடிச்சுக்கங்க, கீழ வர்ற எல்லாமே இதுல இருந்துதான் வருது.

இப்போ உங்க தாய்ச்செடி எஸ்1எஸ்2ன்னு வெச்சுக்கலாம். 24 குரோமோசோம். இலைத் துண்ட மீடியத்துல வெச்சு, கேலஸ் ஆக்கி, மறுபடி குருத்து வர வெக்கிற அந்தப் பாதையில குரோமோசோம் ரெட்டிப்பு ரெண்டு வழில நடக்கும். ஒண்ணு, செடிக்குள்ளயே ஏற்கனவே இருக்கும்: வளர்ந்து முடிச்ச திசுக்கள்ல நிறைய செல்கள் பிரியாமலே டிஎன்ஏவ மட்டும் ரெட்டிப்பு பண்ணி வெச்சிருக்கும், அது செடில இருக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது, நீங்க ஹார்மோன் குடுத்து அத மறுபடி பிரிய வெச்சதும் அது ரெட்டிப்பு குரோமோசோமோட ஒரு முழு செடியா எழுந்து வந்துடும். ரெண்டாவது, கேலஸ்ல இருக்கும்போதே செல் பிரிவு பாதில நின்னு ரெண்டு நியூக்ளியஸும் ஒண்ணா சேந்துடறது. எம்எஸ் (முராஷிகே–ஸ்கூக்) மீடியம்னு தினமும் ஊத்துறோமே, அந்த முராஷிகேவே 1960கள்ல நகானோவோட சேந்து புகையிலைத் தண்டோட பித் கல்ச்சர வெச்சு குரோமோசோம் எண்ணிக்கை எப்படி மாறுதுன்னு பாத்திருக்கார், அதாவது இது டிஷ்யூ கல்ச்சர் அளவுக்கே பழைய சங்கதி. உருளைல இது இன்னும் பளிச்சுனு தெரியும். 1984ல கார்ப்பும் கூட வேலை பாத்தவங்களும் மோனோஹாப்ளாய்டு (ஒரு செட்), டைஹாப்ளாய்டு (ரெண்டு செட்) உருளையோட இலைத் துண்டுல இருந்து செடி எடுத்தா குரோமோசோம் தானாவே ரெட்டிப்பு ஆகுதுன்னு காட்டினாங்க, கோல்ச்சிசின்ங்கற ரசாயனம் இல்லாம ரெட்டிப்பு பண்ண அதையே ஒரு முறையா சொன்னாங்க. ஸ்ரீ ராமுலுவும் கூட இருந்தவங்களும் பின்ட்ஜே ரக உருளையோட புரோட்டோபிளாஸ்ட்ல (சுவர் நீக்கின செல்) இருந்து எடுத்த செடிகள்ல, ஏற்கனவே டெட்ராப்ளாய்டா இருந்ததுலயே, இன்னும் மேல ரெட்டிப்பு ஆனதும் குரோமோசோம் கூடிக் குறைஞ்சதும் எப்படி வருதுன்னு 1983ல எழுதினாங்க.

சரி, ரெட்டிப்பு ஆனா ஏன் செல்ஃப் ஆகணும்? எஸ்1எஸ்2 ரெட்டிப்பாகி எஸ்1எஸ்1எஸ்2எஸ்2 ஆகும். இதோட மகரந்தத்துல ஒண்ணுக்கு பதிலா ரெண்டு எஸ் அல்லீல் இருக்கும். எஸ்1எஸ்1, எஸ்1எஸ்2, எஸ்2எஸ்2 மூணும் 1:4:1 கணக்குல வரும். இதுல நடுவுல இருக்கற எஸ்1எஸ்2 மகரந்தத்த யோசிங்க, எஸ்1 கூட்டத்துல இருக்கற எஸ்எல்எஃப்கள் எஸ்2 ஆர்என்ஏஸ சமாளிச்சுடும், எஸ்2 கூட்டத்துல இருக்கறது எஸ்1 ஆர்என்ஏஸ சமாளிச்சுடும், ரெண்டு விஷத்துக்கும் மருந்து கைல இருக்கு, குழாய் நேரா சூலகத்துக்கு போய்டும். ஒரு ஜீன்ல கூட ஒரு எழுத்து மாறல, சூல்தண்டுல ஆர்என்ஏஸ் பழையபடி அதே அளவுல இருக்கு, ஆனா செடி செல்ஃப் ஆயிடுச்சு. ஸ்டவுட்டும் சாண்ட்லரும் 1941லயே பெட்டூனியால டிப்ளாய்டு டெட்ராப்ளாய்டு ஆனதும் தன்-ஒவ்வாமை போய்டுதுன்னு ஒரு சின்ன குறிப்பா எழுதிட்டாங்க. உங்க செடிலயே, சோலானம் பெருவியானத்துலயே, 1997ல டெட்ராப்ளாய்டு செடிகள வெச்சு இத பாத்திருக்காங்க. நாம சாப்பிடுற டெட்ராப்ளாய்டு உருளை செல்ஃப் ஆகுறதும், அதோட டிப்ளாய்டு சொந்தக்காரங்கள்ல பெரும்பாலானது ஆகாததும் இதே காரணத்தாலதான்.

இத எல்லா செடிக்கும் பொதுன்னு எடுத்துக்காதீங்க, நிறைய பேர் இங்கதான் வழுக்குறாங்க. செர்ரி, பாதாம் இருக்கற ப்ரூனஸ் இனத்துலயும் எஸ்-ஆர்என்ஏஸ்தான், ஆனா மகரந்தம் பக்கம் வேலை செய்யற விதம் வேற, அங்க டெட்ராப்ளாய்டு ஆனா மட்டும் ஒவ்வாமை போகாது. முட்டைக்கோஸ், கடுகு இனத்துல எஸ்ஆர்கேன்னு சூல்முடில ஒரு ரிசெப்டர், மகரந்தத்து மேல எஸ்பி11ன்னு ஒரு சின்ன புரோட்டீன், பூட்டும் சாவியும் பொருந்தினாதான் தள்ளும், அங்கயும் ரெட்டிப்பு தானா செல்ஃப் ஆக்காது. புல் இனங்கள்ல எஸ், இசட்னு ரெண்டு லோக்கஸ், டெட்ராப்ளாய்டா இருந்தும் ஒவ்வாமை அப்படியே நிக்கும். அதனால செல்ஃப் ஆச்சா ஆகலியாங்கறத வெச்சு ரெட்டிப்ப ஊகிக்கறது சோலனேசி மாதிரி சில குடும்பத்துக்கு மட்டும்.

இப்போ உங்க பெஞ்சுக்கு வருவோம். செல்லுல டிஎன்ஏ அளவ அளக்கற ஃப்ளோ சைட்டோமீட்டர் இருந்தா இளம் இலைய நறுக்கி தாய்ச்செடியோட சேத்து ஓட்டுங்க, பீக் ரெட்டிப்பு இடத்துக்கு போயிருந்தா பாதி வேலை முடிஞ்சுது. அது இல்லாத லேப்ல இலையோட கீழ்த்தோல உரிச்சு, ஸ்டொமேட்டாவோட (இலைத்துளை) காவல் செல்லுல குளோரோபிளாஸ்ட் எண்ணுவாங்க, உருளைல டிப்ளாய்டுக்கு ஒரு செல்லுக்கு 7–8, டெட்ராப்ளாய்டுக்கு 12–14ன்னு ஒரு கணக்கு. எண்ணுங்க, தப்பில்ல, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. காவல் செல் வர்றது எல்1னு சொல்ற வெளி அடுக்குல இருந்து. மகரந்தமும் சூலும் வர்றது எல்2 அடுக்குல இருந்து. கேலஸ்ல இருந்து வர்ற குருத்து ஒரே செல்லுல இருந்து வந்தே ஆகணும்னு எந்த கட்டாயமும் இல்ல, ரெட்டிப்பு ஆன செல்லும் ஆகாத செல்லும் சேந்து கைமேராவா வரலாம், அப்போ தோல் டிப்ளாய்டு, உள்ள டெட்ராப்ளாய்டு, நீங்க குளோரோபிளாஸ்ட் எண்ணி டிப்ளாய்டுன்னு எழுதிட்டு செல்ஃப் விதைய பாத்து மியூட்டேஷன்னு முடிவு பண்ணிடுவீங்க. சோலானம் பெருவியானத்துலயே மகரந்தப்பைல இருந்தும் தண்டுத் துண்டுல இருந்தும் எடுத்த செடிகள்ல கைமேரா வருதுன்னு 1976லயே ஸ்ரீ ராமுலு, டெவ்ரோ கூட்டம் எழுதியிருக்காங்க.

அதனால எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் மகரந்தத்தையே பாக்கறதுதான். அன்னைக்கு விரிஞ்ச பூவுல இருந்து மகரந்தத்த ஒரு சொட்டு அசிட்டோகார்மைன்ல தட்டி, தாய்ச்செடியோடதையும் பக்கத்துலயே போட்டு லென்ஸ்ல பாருங்க. ரெட்டிப்பு ஆன எல்2ல இருந்து வர்ற மகரந்தம் கண்ணுக்கே தெரியற அளவுக்கு பெருசா இருக்கும், வழக்கமா மூணு துளை இருக்கற இடத்துல நாலு துளையோட நிறைய மணி தென்படும், கூடவே நிறம் ஏறாத சப்பை மணிகளும் அதிகமா இருக்கும். செலவே இல்லாத டெஸ்ட், பத்து நிமிஷ வேலை, செல்ஃப் ஆகறத நேரடியா தீர்மானிக்கற அதே அடுக்க பாக்குது. ஒரு கிளைல பெருசு இன்னொரு கிளைல சின்னதுன்னு வந்தா கைமேராதான், கிளை கிளையா தனியா லேபிள் போடுங்க.

அடுத்தது கிராஸ். காய் பிடிச்சுதா இல்லியாங்கறத மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், ஏன்னா டெட்ராப்ளாய்டையும் டிப்ளாய்டையும் சேத்தா மகரந்தக் குழாய் நல்லா போயும் விதை உள்ளயே வாடிடும், ட்ரிப்ளாய்டு தடைன்னு சொல்வாங்க. அதனால சூல்தண்ட எடுத்து பாக்கணும். மொட்டுலயே மகரந்தப்பைய எடுத்துட்டு, பூ விரிஞ்சதும் மகரந்தம் வெச்சு, ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு செட்டா சூல்தண்ட வெட்டி எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1ல ஃபிக்ஸ் பண்ணி, சோடியம் ஹைட்ராக்சைடுல மெத்துனு ஆக்கி, அனிலின் ப்ளூ போட்டு யூவி வெளிச்சத்துல பாருங்க. குழாய்ல இருக்கற கேலோஸ்ங்கற பொருள் (கேலஸ் வேற) மினுங்கும். ஒவ்வாத குழாய் சூல்தண்டோட மேல் பாதில, நுனி வீங்கி, அப்படியே நின்னுருக்கும், ஒத்துப்போன குழாய் கயிறு கயிறா கீழ சூலகம் வரைக்கும் இறங்கியிருக்கும். ஒரு தடவ இத நேர்ல பாத்தவங்களுக்கு அப்புறம் சந்தேகமே வராது. செல்ஃப் ஒண்ணு, உங்க செடிய பெண்ணா வெச்சு தாய்ச்செடி மகரந்தம் ஒண்ணு, தாய்ச்செடிய பெண்ணா வெச்சு உங்க செடி மகரந்தம் ஒண்ணு, கடைசியா வேற அல்லீல் இருக்கற ஒரு செடியோட மகரந்தம் கண்ட்ரோலுக்கு. உங்க செடியோட சூல்தண்டு தாய்ச்செடி மகரந்தத்த பழையபடி தள்ளுது, ஆனா உங்க செடியோட மகரந்தம் தாய்ச்செடில இறங்கிப் போகுதுன்னா மாறினது மகரந்தம் பக்கம், அதுக்கு முதல் காரணம் ரெட்டிப்புதான். தலைகீழா இருந்தா, அதாவது உங்க சூல்தண்டு தாய்ச்செடி மகரந்தத்த உள்ள விடுது, உங்க மகரந்தம் தாய்ச்செடில நிக்குதுன்னா, சூல்தண்டு பக்கம் ஏதோ நடந்திருக்கு, அது நிஜமாவே சுவாரசியமான செடி.

ஆனா எல்லாத்தையும் விட அதிகமா பேசறது செல்ஃப் விதையில இருந்து வர்ற நாத்துகள். இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா பெரும்பாலான தீசிஸ்ல விதை எண்ணிக்கையோட நிறுத்திடறாங்க, நாத்து வளத்து எஸ் டைப் பாக்கறதில்ல. எஸ்-ஆர்என்ஏஸ் ஜீன்ல ஒரே ஒரு இன்ட்ரான் (புரோட்டீன்ல வராத இடைத்துண்டு), அது ஹைப்பர்வேரியபிள், அதாவது அல்லீலுக்கு அல்லீல் ரொம்ப மாறற, இடத்துலயே உக்காந்திருக்கு, ஒவ்வொரு அல்லீலுக்கும் அதோட நீளம் பெரும்பாலும் வேற, அதனால ரெண்டு பக்கமும் மாறாம இருக்கற இடத்துல பிரைமர் போட்டு சாதாரண பிசிஆர் ஓட்டினா எஸ்1க்கு ஒரு உயரம், எஸ்2க்கு ஒரு உயரம்னு பேண்ட் தனித்தனியா வந்துடும். ஒரு 20 நாத்து போதும். இப்போ எண்ணுங்க.

எல்லா நாத்துலயும் எஸ்1, எஸ்2 ரெண்டு பேண்டும் இருக்கு, ஒண்ணுல கூட தனி எஸ்1, தனி எஸ்2 இல்லன்னா, உள்ள போன மகரந்தம் ரெண்டு அல்லீலையும் சுமந்துட்டு போயிருக்கு. டெட்ராப்ளாய்டுன்னா இதுதான் வரணும். செடி ஃப்ளோல சுத்தமான டிப்ளாய்டா இருந்தும் இதே மாதிரி வந்தா, எஸ் லோக்கஸ் இருக்கற ஒரு துண்டு கூடுதலா ஒட்டிக்கிட்டு இருக்கலாம். இந்தக் குடும்பத்துல எஸ் லோக்கஸ் ஒண்ணாவது குரோமோசோம்ல சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோம பிடிச்சு இழுக்கற இடம்) பக்கத்துல இருக்கு, குரோமோசோம் உடைஞ்சு சென்ட்ரோமியரோட ஒரு சின்ன துண்டு மட்டும் தங்கினா அதுல எஸ் லோக்கஸும் கூடவே வந்துடும். 1960ல பெட்டூனியால ப்ரூபேக்கரும் நடராஜனும் கதிர்வீச்சால வந்த இப்படிப்பட்ட துண்டுகள பாத்தாங்க, 1999ல நிக்கோட்டியானா அலாட்டால மகரந்தம் பக்கம் மாறின செடிகள மாலிக்யூலர் முறைல பாத்தவங்களும் எஸ் லோக்கஸ் ரெட்டையா இருக்கறதத்தான் பாத்தாங்க. கேலஸ்லயும் குரோமோசோம் உடையும், அதனால இது டிஷ்யூ கல்ச்சர்ல எதிர்பாக்கக்கூடிய விஷயம்தான். வேர்நுனி ஸ்குவாஷ் போட்டு 24க்கு மேல குட்டியா ஒண்ணு இருக்கான்னு தேடுங்க.

நாத்துல பாதி எஸ்1எஸ்1, பாதி எஸ்1எஸ்2, எஸ்2எஸ்2 ஒண்ணுமே இல்லன்னா, எஸ்1 சுமந்த மகரந்தம் மட்டும்தான் உள்ள போயிருக்கு. அப்போ எஸ்1லயே ஏதோ மாறியிருக்கு, அது சூல்தண்டு பக்கமா மகரந்தம் பக்கமாங்கறத மேல சொன்ன கிராஸ் பிரிச்சுக் குடுத்துடும். இதுதான் நிஜமான எஸ் லோக்கஸ் மியூட்டேஷன், இது வந்தா சீக்வன்ஸ் பண்ணுங்க, தைரியமா எழுதுங்க.

எஸ்1எஸ்1, எஸ்1எஸ்2, எஸ்2எஸ்2 மூணும் 1:2:1ல வந்தா எஸ் லோக்கஸ் மேல பழி போடவே முடியாது, ரெண்டு அல்லீல் மகரந்தமும் சமமா உள்ள போகுது, மாறினது வேற இடத்துல இருக்கற ஏதோ ஜீன், இல்ல சூல்தண்டுல ஆர்என்ஏஸ் அளவே மொத்தமா கொறஞ்சிருக்கு. மூணாவதா ஒரு பேண்ட் எட்டிப் பாத்துச்சுன்னா வண்டு கொண்டு வந்த வெளி மகரந்தம், அந்தக் காய கணக்குல இருந்தே எடுத்துடுங்க. 20 நாத்து போதும்னு ஏன் சொன்னேன்னா, நிஜமா 1:2:1ஆ இருந்தா 20ல ஒரு எஸ்2எஸ்2 கூட வராம போறதுக்கு வாய்ப்பு ஆயிரத்துக்கு மூணுதான்.

ஆர்என்ஏஸ் அளவு கொறயறது பத்தி ஒரு வார்த்த. 1994ல பெட்டூனியாலயும் நிக்கோட்டியானாலயும் எஸ்-ஆர்என்ஏஸ் ஜீன செடிக்குள்ள வெச்சும் அடக்கியும் பாத்தப்போ, மகரந்தத்த நிறுத்த ஒரு குறைஞ்சபட்ச அளவு வேணும்னு தெரிஞ்சுது, அந்த அளவுக்கு கீழ போனா ஜீன் நல்லா இருந்தும் தடுக்காது. கல்ச்சர்ல இருந்து புதுசா வந்த செடில டிஎன்ஏ மெத்திலேஷன் (டிஎன்ஏ மேல ஒட்டற ரசாயனக் குறி) கலைஞ்சிருக்கறது சாதாரணம், அது ஜீன் வெளிப்பாட்ட கொறைக்கவும் செய்யும் கூட்டவும் செய்யும். எண்ணெய்ப் பனைல க்ளோன் பண்ண மரங்கள்ல பழம் கோணலாகி விளைச்சல் போற பிரச்சனைக்கு, கர்மான்னு பேர் வெச்ச ஒரு ரெட்ரோட்ரான்ஸ்போசான்ல (தன்ன நகலெடுத்து வேற இடத்துல ஒட்டிக்கற டிஎன்ஏ துண்டு) மெத்திலேஷன் போனதுதான் காரணம்னு 2015ல கண்டுபிடிச்சாங்க, டிஎன்ஏ எழுத்து ஒண்ணும் மாறல, ஆனா தோட்டமே கெட்டுது. கடுகு இனத்துல ரெண்டு எஸ் அல்லீல்ல எது மகரந்தத்துல பேசணும்ங்கறதையே எஸ்பி11 ஜீனோட முன்பகுதில நடக்கற மெத்திலேஷன்தான் தீர்மானிக்குது, 2006ல வந்த கண்டுபிடிப்பு, அதனால அந்த இனத்துல கல்ச்சர் செடி வெச்சு வேலை செய்யறவங்க இத தனியா பாக்கணும். உங்களுக்கு நான் சொல்றது இதுதான்: இந்த ரெண்டு செடிய கணு வெட்டு வெச்சு இன்னொரு சுற்று வளத்து மறுபடி செல்ஃப் பண்ணுங்க. வெயில் ஏறின மாசத்துல, வயசான பூவுல, பருவம் முடியற நேரத்துல தன்-ஒவ்வாமை தளர்ந்து ரெண்டு காய் பிடிக்கறது எந்த மாற்றமும் இல்லாத செடிலயும் நடக்கும், தாய்ச்செடிலயும் அதே நாள், அதே மேடைல செல்ஃப் பண்ணி எண்ணலன்னா எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்ல.

பழைய இலக்கியம் படிக்கும்போது ஒரு இடத்துல நிதானம் வேணும். 1971ல டி நெட்டன்கோர்ட் குழு சோலானம் பெருவியானத்த வலுக்கட்டாயமா உள்சேர்க்கை பண்ணப்போ புது எஸ் அடையாளங்கள் தோணினதா எழுதினாங்க, 1982ல ஸ்ரீ ராமுலு மகரந்தப்பை கல்ச்சர்ல இருந்து வந்த செடிகள்ல எஸ் லோக்கஸ் நிலையில்லாம போய் புது அடையாளங்கள் வந்ததா ஹெரிடிட்டி இதழ்ல எழுதினார். உங்க தலைப்புக்கு இது ரெண்டும் அடித்தளம், கண்டிப்பா சுட்டுங்க. ஆனா அப்போ எஸ்-ஆர்என்ஏஸ் க்ளோன் ஆகவே இல்ல, எல்லாமே கிராஸ் வெச்சு, காய் பாத்து, குழாய் பாத்து எடுத்த முடிவு. ரெண்டு எஸ் அல்லீல எடுத்து வெச்சா புரோட்டீன்ல பாதிக்கு பாதி கூட ஒத்துப்போகாம இருக்கறது சாதாரணம், அப்படி இருக்கும்போது ஒரே தாவல்ல ஒரு அல்லீல் இன்னொண்ணா மாறுதுன்னா அது பெரிய வார்த்தை. முடியவே முடியாதுன்னும் சொல்ல மாட்டேன், 1997ல சோலானம் சாக்கோயென்ஸ்ல ரொம்ப நெருங்கின ரெண்டு அல்லீல எடுத்து நாலே நாலு அமினோ அமிலம் மாத்தினதும் எஸ்11 எஸ்13 ஆச்சுன்னு மாட்டன் குழு காட்டினாங்க. என் கருத்து, அந்த கிராஸ் தரவுகள மதிங்க, ஆனா உங்க செடில புது அடையாளம்னு எழுதணும்னா சீக்வன்ஸ் இல்லாம எழுதாதீங்க. கையில பிசிஆர் இருக்கற காலத்துல நாம அத செய்யாம விடக்கூடாது.

இன்னொரு விஷயம், உங்க கேள்வில இல்ல, ஆனா தெரிஞ்சிருக்கணும். லார்கினும் ஸ்கௌக்ராஃப்ட்டும் 1981ல கல்ச்சர்ல வர்ற மாற்றங்களுக்கு சோமாக்ளோனல் வேரியேஷன்னு பேர் வெச்சதுக்கு அப்புறம் கோதுமை, நெல்லுன்னு தன் மகரந்தத்துல விதை பிடிக்கற பயிர்கள்லதான் இத சுலபமா அளந்தாங்க, ஏன்னா மீட்டெடுத்த செடிய செல்ஃப் பண்ணா ஒளிஞ்சிருக்கற ரிசெசிவ் மாற்றம் அடுத்த தலைமுறைல நாலுல ஒண்ணா வெளிய வந்து நிக்கும். தன்-ஒவ்வாத செடில அந்த வசதியே கிடையாது. செல்ஃப் பண்ண முடியாது, செடி முழுக்க ஹெட்டரோசைகஸ் (ஜீனோட ரெண்டு பிரதியும் வேற வேற), கிராஸ் பண்ணா பிரிஞ்சு வர்ற வெளிர் நாத்தும் குட்டை நாத்தும் கல்ச்சர்ல வந்ததா, தாய்கிட்டயே இருந்ததான்னு சொல்ல முடியாது. தாய்ச்செடியோட கணு வெட்ட கேலஸ் இல்லாம வளத்து, அதையும் அதே துணையோட அதே மாதிரி கிராஸ் பண்ணி பக்கத்துல வெச்சா மட்டும்தான் பேச முடியும். இதுல எஸ் லோக்கஸ் ஒண்ணுதான் விதிவிலக்கு. மகரந்தத்துல ஒரே பிரதி, அதனால ஒரு பிரதில மாறினாலே அந்தத் தலைமுறைலயே வெளிய தெரியும், அதுவும் ஒரு சூல்முடி மேல நூத்துக்கணக்கான மணிய கொட்டறீங்க, சூல்தண்டு சல்லடை மாதிரி மாறாததை எல்லாம் நிறுத்திட்டு மாறினத மட்டும் கீழ விடுது. செர்ரில ஸ்டெல்லா ரகம் 1968ல கனடால வெளியானது இப்படி கிடைச்ச மகரந்தப் பக்க மாற்றத்தாலதான், இங்கிலாந்து ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்துல கதிர்வீச்சு பட்ட மகரந்தத்துல இருந்து வந்த எஸ்4 மாற்றம், எஃப்-பாக்ஸ் ஜீன்ல நாலு எழுத்து காணாம போயிருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது. கல்ச்சர்ல வந்த செடிகள்லயும் இதே வழில தேடலாம், ஆனா சோலனேசில முதல்ல விழறது ரெட்டிப்பு மகரந்தம்தான்ங்கறத மறக்காதீங்க.

இதே தலைவலி டிப்ளாய்டு உருளைல வேலை செய்யறவங்களுக்கு இப்பவும் இருக்கு. சாக்கோயென்ஸ்ல இருந்து வந்த, தன்-ஒவ்வாமைய முறியடிக்கற எஸ்எல்ஐ ஜீன ஹோசகாவும் ஹான்னமனும் 1998ல விவரிச்சாங்க, 2021ல அது எஸ் லோக்கஸுக்கு வெளிய, 12ஆவது குரோமோசோம்ல இருக்கற ஒரு எஃப்-பாக்ஸ் ஜீன்னு தெரிஞ்சுது. நான் மேல சொன்ன 1:2:1 வர்ற வகை இதுதான். 2018ல ஜீன வெட்டி மாத்தற கிறிஸ்பர் முறை வெச்சு எஸ்-ஆர்என்ஏஸையே உடைச்சு செல்ஃப் ஆகற டிப்ளாய்டு உருளைய உண்டாக்கினாங்க. கிறிஸ்பர் குடுக்கணும்னாலும் அக்ரோபாக்டீரியம், கேலஸ், குருத்துன்னு இதே பாதைல போகணும், அந்தப் பாதைல பாதி செடி டெட்ராப்ளாய்டு ஆகி வந்து நின்னா எது கிறிஸ்பரால செல்ஃப் ஆச்சு, எது ரெட்டிப்பால ஆச்சுன்னு குழம்பிடும், அதனால ப்ளாய்டி (குரோமோசோம் எத்தனை செட்னு) பாக்காம எந்த செடியையும் அடுத்த படிக்கு அனுப்பவே கூடாது. ரெட்டிப்ப குறைக்கணும்னா நல்லா இளசான திசு எடுங்க, கேலஸ் காலத்த முடிஞ்ச அளவு சுருக்குங்க, டூ ஃபோர் டிங்கற ஹார்மோன் கம்மியா போடுங்க, ஒரு கேலஸ்ல இருந்து ஒரு செடி மட்டும் எண்ணுங்க. உங்க ரெண்டு செடியும் ஒரே கேலஸ்ல இருந்து வந்திருந்தா அது ரெண்டு நிகழ்வு இல்ல, ஒண்ணு. நோட்டுல அது இருக்கான்னு இன்னைக்கே பாத்துடுங்க.

ரெண்டாவது கேள்வி, மகரந்தப்பை கல்ச்சர். ஆமா, மகரந்தத்துல இருந்தே செடி வந்து அது ரெட்டிப்பு ஆனா எஸ்1எஸ்1, இல்ல எஸ்2எஸ்2, சாதாரணமா செல்ஃப் பண்ணி எடுக்கவே முடியாத செடி. ஆனா மகரந்தப்பையோட சுவர்ல இருந்தும் கேலஸ் வரும், அது தாயோட நகல்தான், எஸ்1எஸ்2வாவே இருக்கும், அதனால வந்த ஒவ்வொரு செடிக்கும் எஸ் பிசிஆர் ஓட்டுங்க, ரெண்டு பேண்ட் காட்டறத எல்லாம் சுவர்ல இருந்து வந்ததுன்னு ஒதுக்கிடுங்க. ஒரு பேண்ட் மட்டும் காட்டற செடி ஹோமோசைகஸ், ஆனா அது செல்ஃப் ஆகும்னு நினைக்காதீங்க, எஸ்1 மகரந்தத்துக்கு எஸ்1 சூல்தண்டு எப்பவும் மூடினதுதான், டெட்ராப்ளாய்டா இருந்தா கூட எல்லா மகரந்தமும் எஸ்1எஸ்1தான், ரெண்டு அல்லீல் கலந்த மணியே வராது. வெச்சுக்க ரெண்டு வழி இருக்கு. கணு வெட்டா கல்ச்சர்லயே வெச்சுக்கலாம், கேலஸ் வழியா பெருக்காதீங்க. விதையா வேணும்னா மொட்டு மகரந்தச் சேர்க்கை. எஸ்-ஆர்என்ஏஸ் இளம் மொட்டோட சூல்தண்டுல ரொம்ப கம்மி, பூ விரியற நேரத்துலதான் ஏறும், அதனால விரிய ரெண்டு மூணு நாள் இருக்கற மொட்ட ஊசில மெதுவா திறந்து, மகரந்தப்பைய எடுத்துட்டு, அதே செடில விரிஞ்ச பூவோட மகரந்தத்த சூல்முடில தடவி, மேல ஒரு சின்ன பட்டர் பேப்பர் கூடு மாட்டுங்க. இளசான சூல்முடில மகரந்தம் ஒட்டறது கஷ்டம், அதனால நிறைய மொட்டு செய்யுங்க, வெவ்வேற வயசு மொட்டுல வெச்சுப் பாத்து உங்க செடிக்கு எந்த நீளத்து மொட்டு சரியா வருதுன்னு அளந்து குறிச்சுக்கங்க.